சாம்பியனின் அளவுகள் உங்கள் காரில் ஏன் பலிப்பதில்லை

ரேடியோ கன்ட்ரோல் கார் பந்தயத்தில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. பெரிய போட்டி ஒன்று முடிந்ததும், வென்ற வீரர் தன் காரில் வைத்திருந்த அளவுகளையெல்லாம் ஒரே பக்கத்தில் குறித்து, காரைத் தயாரித்த நிறுவனம் வெளியிடும். செட்டப் ஷீட் என்று பெயர். எந்தச் சக்கரம் எத்தனை டிகிரி சாய்ந்திருந்தது, ஷாக்கில் எந்த எண் ஆயில், எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஷிம் (இடைவெளியைக் கூட்டும் மெல்லிய வளையம்), மேல்கூட்டை எவ்வளவு முன்னால் தள்ளிப் பொருத்தினார் என்பது வரை அதில் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப் மைதானங்களில் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பலர் தங்கள் கார்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மாலையில் முடிவுகளைப் பார்த்தால் பெரும்பாலோர் பழைய இடத்திலேயே இருப்பார்கள். சிலர் இன்னும் பின்னால் போயிருப்பார்கள். தாளில் பொய் எதுவும் இல்லை. டியூனிங் என்ற பெயரில் கிளப் அளவில் நடப்பதில் பெரும்பகுதி, செய்யாமல் விட்ட பராமரிப்பை மூடி மறைக்கும் வேலையாக இருக்கிறது என்பதே என் வாதம். அந்த வாதத்திலிருந்து, பலருக்குப் பிடிக்காத ஒரு யோசனையும் வருகிறது: புதிதாகச் சேருகிறவர்களை முதல் சீசன் முழுக்க செட்டப்பைத் தொட விடக் கூடாது.

பொம்மைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்காகக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்தயத்தில் ஓடும் டூரிங் கார் அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அகலம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. எடை சுமார் 1.3 கிலோ. கார்பன் ஃபைபரிலோ அலுமினியத்திலோ இரண்டு மி.மீ. சொச்சம் தடிமனில் ஒரு தகடு; அதுதான் சேஸிஸ். தரைக்கும் அதற்கும் நடுவே 5 மி.மீ. அளவுதான் இடைவெளி. பெரும்பாலான கார்களில் மோட்டாரின் சுழற்சியை இரண்டு பெல்ட்கள் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகும். நான்கு மூலையிலும் தனித்தனி சஸ்பென்ஷன், எண்ணெய் நிரப்பிய ஷாக். மேலே பாலிகார்பனேட் கூடு. 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியில், வேகமான பிரிவுக் கார்கள் நேர்ப்பாதையில் மணிக்கு 70 கி.மீ.யைத் தாண்டும். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாடலை ரேடியோ கன்ட்ரோல் காராக விற்றபோது அது கடை அலமாரிக்கான பொருள்தான். 1990-களின் தொடக்கத்தில், மண்தரையில் ஓடும் பக்கி கார்களின் உறுப்புகளை எடுத்து, அவற்றின் மேல் சாதாரண சாலைக் கார்களின் கூட்டை மாட்டியதிலிருந்து டூரிங் பிரிவு பிறந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதற்கென உலக சாம்பியன்ஷிப்பே வந்துவிட்டது.

இனி கணக்குக்கு வருவோம். முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி, சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடு ஒரு சின்ன பால் ஜாயின்ட்டில் இணைகிறது. உலோக உருண்டையைக் கவ்வியிருக்கும் பால் எண்ட் எனும் கிண்ணம் பிளாஸ்டிக். சில நாள் பந்தயத்தில் தூசி புகுந்து அது தேயும். விரலால் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால், கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற அளவில் 0.2 மி.மீ. ஆட்டம். சக்கரம் திரும்பும் மையத்திலிருந்து அந்த இணைப்பு 20 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த 0.2 மி.மீ. ஆட்டம் சக்கரத்தின் திசையில் அரை டிகிரிக்கும் மேலான தள்ளாட்டமாக மாறும். இப்படிப்பட்ட காரை ஓட்டும் வீரர்தான் பின்சக்கரங்களின் உள்நோக்கிய கோணம் 3 டிகிரியா, இரண்டரையா என்று அரை மணி நேரம் விவாதிப்பார். சக்கரத்தின் சாய்வுக்கும் இதே கதைதான். மேல் இணைப்பில் அதே அளவு ஆட்டம் இருந்தால் கேம்பர் அரை டிகிரி தன் இஷ்டத்துக்கு ஊசலாடும். அவரோ ஒன்றரை டிகிரியை இரண்டாக மாற்றிவிட்டு, கார் கேட்கவில்லை என்று அலுத்துக்கொள்வார். மாற்றும் அளவைவிடத் தேய்மானத்தின் அளவு பெரிதாக இருக்கும்போது, அந்த மாற்றத்தால் என்ன விளைந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு துல்லியமாக உணரும் கை உலக சாம்பியனுக்கும் இல்லை.

ஆட்டமாவது விரலுக்குத் தெரியும். வேறு சில குறைகள் டியூனிங் பிரச்சினையைப் போல வேஷம் போட்டு வரும், அவைதான் ஆளை அலைக்கழிப்பவை. பின்பக்க டிஃபரென்ஷியலை எடுத்துக்கொள்ளுங்கள். பல் சக்கரங்களைச் சுற்றிக் கெட்டியான சிலிகான் ஆயில் நிரப்பிய சின்ன டப்பா அது. 5000 எண் ஆயில் போட்டால் ஒருவித நடத்தை, 10000 போட்டால் இன்னொன்று. அதன் ரப்பர் வளையம் தேய்ந்து ஆயில் மெல்லக் கசிந்தால், டிஃப் நாளுக்கு நாள் இளகும். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலும். வீரர் டயர் போய்விட்டது என்று புது டயர் வாங்குவார், அடுத்து ஸ்பிரிங்கை மாற்றுவார். டிஃபைத் திறந்து பார்த்திருந்தால் பாதி காலியாக இருந்திருக்கும். ஷாக்கும் அப்படித்தான். உள்ளே ஒரு காற்றுக்குமிழி புகுந்தால், சின்னச் சின்ன அசைவுகளில் எண்ணெயின் எதிர்ப்பு காணாமல் போகும். மேடுபள்ளத்தில் கார் துள்ளுகிறது என்று வீரர் கெட்டியான ஆயிலைத் தேடிப் போவார். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இடது வலது ஷாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்டை மெதுவாக உள்ளே அழுத்தி விட்டால் போதும். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே தூரம் திரும்பி வர வேண்டும். ஒன்று முழுதும் வெளியே வந்து, மற்றது பாதியில் நின்றால், அந்தக் காருக்கு எந்தச் சாம்பியனின் அளவும் பொருந்தாது.

இவற்றையெல்லாம்விடக் குழப்புவது சேஸிஸ் முறுக்கம். பந்தயக்காரர்கள் ட்வீக் என்பார்கள். ஒரு மோதலிலோ, திருகுகளை ஒழுங்கில்லாமல் இறுக்கியதிலோ தகடு மயிரிழை அளவு முறுக்கிக்கொண்டுவிடும். ஆட்டம் காணும் நாற்காலியைப் போல, எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு சக்கரங்கள் கூடுதல் எடையைத் தாங்கும், மற்ற இரண்டும் இலேசாகும். கார் வலப்பக்கம் கூர்மையாகத் திரும்பும், இடப்பக்கம் மந்தமாக இழுக்கும். இதற்கு மருந்து எளியது: மேல்தட்டுத் திருகுகளைத் தளர்த்தி, தட்டையான கண்ணாடி மேல் காரை அழுத்தி வைத்து, குறுக்கு வரிசையில் மறுபடி இறுக்க வேண்டும். ஆனால் கையில் இருக்கும் ரிமோட்டில் இடப்பக்கத் திருப்பத்தை மட்டும் கூட்டும் வசதி இருக்கிறதே! பலர் அதைத்தான் திருகுகிறார்கள். அன்றைக்குச் சமாளித்துவிடலாம். அடுத்த வாரம் இன்னொரு மோதலில் முறுக்கம் மாறும்போது, ரிமோட்டில் செய்த அட்ஜஸ்ட்மென்ட்டே எதிரியாகிவிடும். இப்படி ஒரு குறையை மறைக்க இன்னொரு அளவு, அதைச் சரிக்கட்ட மூன்றாவது அளவு என்று அடுக்கிக்கொண்டே போன காரில் எது செட்டப், எது ஒட்டுவேலை என்று சொந்தக்காரருக்கே தெரியாது.

இந்தப் பழக்கம் வந்ததற்கு வீரர்களின் சோம்பல் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். பிரஷ் மோட்டார்கள் இருந்த காலத்தில் பராமரிப்பைத் தவிர்க்கவே வழியில்லை. கார்பன் பிரஷ் தேயும், அது உரசும் செம்பு கம்யூட்டேட்டர் கருகும். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை சின்ன லேத்தில் வைத்து அதை மெல்லிசாகச் சீவி எடுக்க வேண்டும். பந்தய மேசைகளில் அந்த லேத் சர்வசாதாரணம். நிக்கல் பேட்டரி செல்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருத்துவார்கள். 2000-களின் நடுவிலிருந்து பிரஷ் இல்லாத மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்து இந்த வேலையையெல்லாம் ஒழித்துவிட்டன. நல்லதுதான், கருகிய செம்புக்காக ஏங்க வேண்டியதில்லை. ஆனால் சும்மா இருக்காத கைகள் கேம்பருக்கும் ஷிம்முக்கும் போய்விட்டன. மோட்டார் பராமரிப்புக் கேட்காமல் ஓடுவதால், கார் முழுதுமே அப்படி ஓடும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, உலகத்தரமான வீரர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே எதையாவது மாற்றிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்பது. உண்மை. ஜெர்மனியின் மார்க் ரைன்ஹார்ட் 2004, 2008, 2010 என்று மூன்று முறை டூரிங் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். 2008-ல் பாங்காக்கின் வெயிலில், 2010-ல் ஜெர்மனியின் பர்க்டார்ஃபில். இரண்டு தளங்களுக்கும் ஒரே செட்டப்பில் ஓட்டியிருக்க முடியாது என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த நிலையில் இருப்பவர்களின் கார்கள் எப்படிப்பட்டவை? பெரிய பந்தயத்துக்கு முன் கடைசித் திருகு வரை பிரித்து மாட்டப்பட்டவை. புதிய பேரிங், புதிய பால் எண்ட், அன்று காலை நிரப்பிய ஷாக். ஆட்டம் ஏறக்குறைய பூஜ்யம். அங்கே அரை மி.மீ. ஷிம் போட்டால், காரில் தெரியும் வித்தியாசம் அந்த ஷிம்மால் வந்ததுதான். டியூனிங் என்பதே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. குறையில்லாத காரில்தான் டியூனிங் ஏதாவது பேசும். மற்ற கார்களில் அது இரைச்சல்.

செட்டப் ஷீட்டைப் படிக்கும் முறையிலும் இதே அவசரம் தெரிகிறது. அந்தத் தாளின் தலைப்பகுதியில் தளம் கார்ப்பெட்டா தாரா, பிடிப்பு எவ்வளவு, வெப்பநிலை என்ன என்று குறிக்கக் கட்டங்கள் உண்டு. நகல் எடுப்பவர்கள் முதலில் தாண்டிப் போவது அவற்றைத்தான். ஐரோப்பாவின் குளிர்காலப் பந்தயங்கள் பெரும்பாலும் உள்ளரங்கில், கார்ப்பெட் மேல் நடப்பவை. டயர் அதில் பசைபோட்டது போலப் பிடிக்கும். ஆசியாவில் வெயிலில் காயும் தார்த்தளத்தில் அந்தப் பிடிப்பு கிடைக்காது. வெப்பம் ஏற ஏற சிலிகான் ஆயிலும் இளகும். பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசத்திலேயே ஷாக்கில் ஊற்றிய 400 எண் ஆயில் 350-ஐப் போல, அதற்கும் கீழாகக்கூட நடந்துகொள்ளும். தாளில் உள்ள எண்ணை அப்படியே எடுத்தவர் உண்மையில் எடுத்தது வேறொரு எண். இதைப் புரிந்துகொள்ள, முதலில் தன் ஷாக்கைத் தன் கையாலேயே நிரப்பிப் பழகியிருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. காசுள்ளவர் சீசன்தோறும் புது கார் வாங்குவார், அவருக்கு எதற்குப் பராமரிப்பு என்பார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வசதி இல்லாதவரைப் பார்த்து ஒழுங்காகக் கழுவித் துடைத்தால் ஜெயிக்கலாம் என்று உபதேசம் செய்வது எரிச்சலூட்டும். ஆனால் புது கார் பெட்டியில் முழுக் காராக வருவதில்லை, பாகங்களாகத்தான் வருகிறது. சஸ்பென்ஷன் கை அதன் கம்பியில் தன் எடைக்கே தானாக விழ வேண்டும்; இறுகி நின்றால், அந்தச் சக்கரம் தரையைத் தொடர்ந்து தொடாது. அதைச் சரியாகத் தேய்த்து விடத் தெரியாதவர் புத்தம் புதிய குறை ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறார். மேலும் பணத்துக்குக் கடிவாளம் போடுவதற்கு விதிகள் ஏற்கெனவே உண்டு. ஸ்டாக் பிரிவில் எல்லோருக்கும் கம்பிச்சுருளில் ஒரே சுற்று எண்ணிக்கை கொண்ட மோட்டார், 17.5 அல்லது 13.5. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மின்னணு வழியில் கூடுதல் வேகம் தரக் கூடாது. அந்த நிலையில் இருப்பதைக் காட்ட அதன் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டயரும் பல போட்டிகளில் ஒரே வகைதான். இப்படி வாங்கும் வழிகளையெல்லாம் அடைத்த பிறகு மிஞ்சுவது உராய்வு. பெல்ட் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அது தின்னும் சக்தியை எங்கிருந்தும் கடன் வாங்க முடியாது. தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது பல் தாண்டும். சொரசொரத்துப்போன ஒரு பேரிங் நேர்ப்பாதையின் முடிவில் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுப்பாடு கூடக்கூட ஆலன் கீ பிடித்த கைக்கு மதிப்பு கூடுகிறது. ஸ்டாக் பிரிவை மட்டமாகப் பேசும் வேகப் பிரியர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதனால்தான் முதல் சீசனில் செட்டப்புக்குப் பூட்டு போடச் சொல்கிறேன். கிளப் ஒரு அளவுத் தொகுப்பைத் தன் மைதானத்துக்கு ஏற்றபடி முடிவுசெய்து, தொடக்கநிலைப் பிரிவில் எல்லோரும் அதையே வைக்க வேண்டும் என்று விதிக்கட்டும். பந்தயத்துக்கு முன் நடக்கும் சோதனையில் எடையும் அகலமும் பார்ப்பது போல, பால் எண்ட் ஆட்டத்தையும், ஷாக்குகள் சமமாக இருக்கின்றனவா என்பதையும், கண்ணாடி மேல் சேஸிஸ் தட்டையாக உட்காருகிறதா என்பதையும் பார்க்கட்டும். மூன்று விஷயங்களை மட்டும் வீரர் கையில் விடலாம். ஒன்று, காரின் உயரம்: டயர் தேய்ந்து விட்டம் 1 மி.மீ. குறைந்தால் கார் அரை மி.மீ. இறங்கிவிடும், அதைச் சரிசெய்யாவிட்டால் சேஸிஸ் தரையில் உரசும். இரண்டு, கியர் விகிதம்: தப்பான கியரில் மோட்டார் சூடேறி 80 டிகிரியைத் தாண்டினால், உள்ளிருக்கும் காந்தத்தின் வலிமை குறையத் தொடங்கும் ஆபத்து உண்டு, வேகத்துக்காக இல்லாவிட்டாலும் மோட்டாரைக் காப்பாற்றவாவது இது வேண்டும். மூன்றாவது டயர்த் தயாரிப்பு. பேட்டரியைப் பற்றிப் பேரமே கூடாது: இரண்டு செல்லுக்கும் சேர்த்து 8.4 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். அதை மீறினால் தோற்பது பந்தயத்தில் மட்டுமல்ல, வீட்டில் தீப்பிடிக்கலாம்.

அளவுகளை மாற்றிப் பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே, அதைப் பறித்தால் யார் வருவார்கள் என்ற கேள்வி எழும். காலையில் இருந்த பிடிப்பு மாலையில் இருக்காது, ரப்பர் தளத்தில் படியப் படியக் கார் மாறிக்கொண்டே போகும், அதற்கு ஈடுகொடுக்க வேண்டாமா என்றும் கேட்பார்கள். இரண்டுமே கனமான கேள்விகள்தான். ஆனால் தளம் மாறுவது எல்லோருக்கும் பொதுவாகத்தான் மாறுகிறது; ஒரே அளவில் எல்லோரும் ஓடினால், மாறிய தளத்தில் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் புதியவர் முதல்முறையாகத் தெளிவாக உணர்வார். காலையில் முன்பக்கம் வழுக்கிய அதே கார் மாலையில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுழன்றால், காரணம் தளம்தான், ஏனென்றால் காரில் வேறெதுவும் மாறவில்லை. அந்த உணர்வு இல்லாதவருக்குச் செட்டப் சுதந்திரம் என்பது, இருட்டில் சுவிட்ச் தேடும் சுதந்திரம் மட்டுமே. ஒரு சீசன் என்பதும் ஆயுள்தண்டனை அல்ல.

பரிசு கொடுக்கும் விதத்தையும் இதோடு சேர்த்து மாற்றலாம். கிளப்புகளில் பேச்செல்லாம் யார் அதிவேகச் சுற்று அடித்தார் என்பதைப் பற்றித்தான். 15 விநாடிச் சுற்று என்றால் ஐந்து நிமிடப் பந்தயத்தில் 20 சுற்றுகள் வரும். சுற்றுக்கு 0.1 விநாடி மிச்சப்படுத்தினால் மொத்தம் 2 விநாடி லாபம். ஒருமுறை கார் கவிழ்ந்து, ஓரத்தில் நிற்கும் மார்ஷல் ஓடிவந்து நிமிர்த்தி விடுவதற்குள் ஐந்தாறு விநாடி போய்விடும். பத்தில் ஒரு பங்கு விநாடிக்காக ஓர் இரவு முழுக்க ஷிம் மாற்றியவர், தேய்ந்த பால் எண்ட் கழன்று சுவரில் மோதி, அந்த 2 விநாடி லாபத்தைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கை இழப்பது வாடிக்கை. எனவே தொடக்கநிலைப் பிரிவில் ஒரு பரிசை, தன் சுற்றுகளுக்கிடையே வித்தியாசத்தை மிகக் குறைவாக வைத்தவருக்குக் கொடுக்கலாம். நிதானமாக உருட்டிக்கொண்டே வந்து பரிசைத் தட்டிப் போவார்களே என்றால், பிரிவின் சராசரி நேரத்துக்குள் ஓடியவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு காரிலும் டிரான்ஸ்பாண்டர் ஏற்கெனவே இருக்கிறது, ஒவ்வொரு சுற்றின் நேரமும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணினியில் பதிவாகிறது. சுவரில் ஒட்டும் முடிவுத் தாளில் ஒரு பத்தியைக் கூட்டி அச்சிட்டால் வேலை முடிந்தது.